பெட்டிச்சாமியின் கத்தி

வாள் கொண்டுவருகிற ஆள் கூடவே ஒரு கதையையும் கொண்டுவருவார். கதை இல்லாமல் வாளை மட்டும் கொண்டுவந்த ஒருவரை நான் இராஜபாளையத்தில் இதுவரை பார்க்கவில்லை. பாட்டனார் ஜமீன் படையில் இருந்தார், வெள்ளைக்காரத் துரையிடம் பிடுங்கினார், பிறகு குதிரையோடு கிணற்றில் விழுந்தார், தூர் வாரும்போது வாள் மட்டும் கிடைத்தது. குதிரை என்ன ஆனது என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. நான் பட்டாளத்தில் ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியும் அதன் நுனியில் மாட்டுகிற பயனெட்டும் என் கையில் எத்தனையோ புரண்டிருக்கின்றன. ஊருக்கு வந்த பின் பழைய வாள், கத்தி வைத்திருப்பவர்கள் இது என்ன, எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். கதையைக் காதில் வாங்கிக்கொள்வேன், கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இதனால் எனக்கு வந்த நல்ல பெயர் கொஞ்சநஞ்சமல்ல. பெரிய வீடு ஒன்றில் சிவப்பு வெல்வெட்டில் வைத்துப் பூட்டியிருந்த பாளையக்காரர் வாளைக் காட்டினார்கள். உறையிலிருந்து உருவும்போதே தெரிந்துவிட்டது. வடக்கே சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதற்காகத் தகரம் போல அடித்தது, இரும்புக்குப் பதமே ஏற்றவில்லை. இரண்டு கையால் பிடித்து லேசாக அமுக்கினேன், வளைந்தது, வளைந்தபடியே நின்றது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தெரு முழுக்கப் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை. என் மனைவி இதை இன்றைக்கும் விடாமல் சொல்லிக்காட்டுகிறாள்.

வாளைப் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கூர்மையைப் பார்க்கிறவன் ஏமாந்தான். பிடிக்குப் பக்கத்தில், அலகு தொடங்குகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். முத்திரை எல்லாம் அங்கேதான் விழும். வெயில் சாய்வாகப் படும்படி பிடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பி நிற்கும். பழைய துரு கருப்பாக, வழவழப்பாக இருக்கும். திராவகம் ஊற்றி வரவழைத்த துரு செங்கல் நிறத்தில் பொரிந்து கிடக்கும். எனக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு விஷயத்தில். வீட்டில் இருப்பவர்கள் நான் வருகிறேன் என்று தெரிந்ததும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிடுவார்கள். முத்திரை போய்விடும், முத்திரை போனால் பாதி விலை போய்விடும். ஒரு படைப்பிரிவின் எண் தெளிவாக இருந்து, உறையும் அதே எண்ணோடு இருந்தால் கொச்சியிலிருந்து வியாபாரிகள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். தேய்த்துவிட்டால் அது வெறும் இரும்பு.

போன மாசியில், சிவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வீட்டில் பட்டாளத்துக் கத்தி ஒன்று இருக்கிறது, துருப்பிடித்து உறையிலிருந்து வர மாட்டேன் என்கிறது, மாமியார் உங்களைக் கூட்டிவந்து சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்றாள். இங்கே கொண்டுவரலாமே என்றேன். அது வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அது பெட்டிச்சாமியின் கத்தி என்றாள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயதாவதற்கு முன் செத்துப்போனவர்களுக்குப் புதுத் துணி எடுத்து ஓலைப் பெட்டியில் மடித்து வைத்து, வருடத்துக்கு ஒரு முறை இறக்கிப் படையல் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவள் புகுந்த வீட்டில் இது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஆண்களுக்கானது. மாமனாரின் அண்ணன் இரண்டாம் உலகப்போரில் மலேயாவுக்குப் போனவர், சிங்கப்பூர் விழுந்தபோது காணாமல் போனார். பிணம் வரவில்லை. அவருடைய வேட்டியும் சட்டையும் பெட்டிக்குள் போயின. அவர்தான் அந்த வீட்டுச் சாமி.

பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் புருஷனும் பட்டாளம். ஆடியில் லீவில் வந்திருந்தபோது சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருப்பான். ஆவணியில் ரயில் ஏறினான். முகாமுக்குப் போய்ச் சேரவில்லை. நாக்பூருக்கு அருகே தண்டவாளத்தின் ஓரம் அவனுடைய பை மட்டும் கிடைத்தது. போலீஸ் தேடியது, பட்டாளம் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. மாமியார் மார்கழியில் வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு கோடாங்கியிடம் குறி கேட்டாள். பையன் தாகத்தோடு வாசலுக்கு வெளியே நிற்கிறான், அவனுக்கு இடம் கொடு என்று கோடாங்கி சொல்லிவிட்டான். இந்தச் சிவராத்திரிக்குக் கத்தியைச் சுத்தம் செய்து, அவனுடைய யூனிஃபார்மையும் பெட்டிக்குள் வைத்துப் படையல் போடுவதாக முடிவாகியிருக்கிறது. பெட்டிக்குள் போய்விட்டால் அவன் செத்தவன். அவள் தாலியைக் கழற்ற வேண்டும்.

“சுத்தம் பண்ண முடியாது, தொட்டா உடஞ்சிரும்னு ஒரு வார்த்த சொல்லிருங்கய்யா. கத்தி இல்லாம பெட்டியத் தொறக்க மாட்டாக. இந்த வருசம் தப்பிச்சிரும்” என்றாள்.

ஒரு வருடத்துக்கான பொய்தான் அவள் கேட்டது. கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்கவில்லை. கத்தியைப் பற்றி நான் பொய் சொல்வதில்லை அம்மா, இருப்பதைத்தான் சொல்வேன் என்றேன். சரி, இருக்கிறதையே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். அந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குறுகிய தெருவின் கடைசியில் இருந்தது. பக்கத்து வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், பால்கோவா வாசனை தெரு முழுக்க அடித்தது. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் அந்த வாசனை நின்றுவிட்டது. நான் இதை மிகைப்படுத்தவில்லை. உள்ளே வேறொரு வாசனை இருந்தது, நாள்பட்ட எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து புளித்தது போல. வெளியே மாசி வெயில் கொளுத்த, உள்ளே என் முழங்கையில் மயிர் சிலிர்த்தது. காற்றோட்டம் இல்லாத பழைய வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமியாருக்கு எழுபது வயது இருக்கும். நல்ல உயரம், நிமிர்ந்த நடை. என்னைத் தம்பி என்று கூப்பிட்டாள், மோர் கொடுத்தாள், என் சம்சாரத்தைப் பற்றி விசாரித்தாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். அந்த அறையில் யாரும் படுப்பதில்லையாம். உத்தரத்திலிருந்து கயிற்றில் ஓலைப் பெட்டி தொங்கியது. கீழே ஒரு பலகையில் பச்சை யூனிஃபார்ம், தோய்த்துத் தேய்த்து, நான்காக மடித்துத் தயாராக இருந்தது. பக்கத்தில் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தாள். மருமகள் நிலைப்படியில் நின்றவள், அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியை இறக்கினோம். ஓலை கிறீச்சிட்டது. மூடியைத் திறந்தபோது அந்த வாசனை குப்பென்று வந்தது. அடியில் பழுப்பேறிய வேட்டி, சட்டை. மேலே சிவப்புத் துணியில் சுற்றிய கத்தி, பயனெட்தான். எங்கள் பழைய ஆட்கள் பயனெட்டைத் துப்பாக்கிச் சனியன் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பெயரை வாயில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வருடா வருடம் எண்ணெய் பூசி, மஞ்சள் பூசி, குங்குமம் அப்பி, அதன் மேலேயே மறுபடி எண்ணெய் பூசி, உறையும் பிடியும் ஒரே கட்டியாகிக் கிடந்தன. முற்றத்தில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பலகை போட்டு உட்கார்ந்தேன். தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, மூங்கில் சீவலால் கட்டியைப் பெயர்த்தேன். உள்ளே போகப் போகக் குங்குமம் ஈரமாக இருந்தது. எண்ணெயில் ஊறிய குங்குமம் காயாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் விரலில் அந்தச் சிவப்பு ஒட்டியபோது கையை உதறினேன். துணியை அலசிப் பிழிந்த பாத்திரத்துத் தண்ணீர் முழுக்கச் சிவந்தது. மருமகள் அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்தாள்.

கத்தி உறையை விட்டு வந்தபோது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். இறுகிய தோலுறைக்குள் காற்று போகிற சத்தம்தான் அது, பட்டறையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். மாமியார் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். “அம்மா” என்று ஒரு ஆண் குரல்.

இரண்டு பெண்களும் அசையவில்லை. யாரோ வந்திருக்கிறார்களே என்று நான் பாதி எழுந்தேன். மாமியார் என் தோளைப் பிடித்து அமுக்கினாள். எழுபது வயதுக் கை, என்னால் எழ முடியவில்லை. மறுபடி “அம்மா” என்றது குரல். அதற்கும் பதில் இல்லை. முற்றத்தில் வெயில் நெட்டுக்குத்தாக நின்றது. மருமகளின் உதடு வறண்டிருந்தது. எனக்கு அந்த நொடியில் தோன்றியதைச் சொன்னால் சிரிப்பீர்கள், கையில் இருப்பதைத் திரும்ப உறைக்குள் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது முறை, “அம்மா, கேஸு” என்று குரல் வந்தது. மாமியார் கையை எடுத்தாள். மருமகள் போய்க் கதவைத் திறந்து சிலிண்டரை வாங்கி வைத்தாள்.

இந்த வீட்டில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் என்று மாமியார் சாதாரணமாகச் சொன்னாள். செத்தது ஒரு தரம் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம். மூன்றாவது கூப்பாடு மனுஷனுக்கு மட்டும்தான் முடியும். கேஸ்காரனுக்கும் இது தெரியும், அவன் எப்போதும் மூன்று தடவை கூப்பிடுவான். நானும் சின்ன வயதில் இந்த நம்பிக்கையைக் கேட்டிருக்கிறேன், அது ராத்திரிக்கு மட்டும். இவர்கள் வீட்டில் பட்டப்பகலுக்கும் வைத்திருந்தார்கள்.

நான் வேலைக்குத் திரும்பினேன். பிடியின் குறுக்குக் கட்டையில் துப்பாக்கிக் குழாயின் வாய் நுழைகிற வளையம், பின்பக்கம் அழுத்துகிற பொத்தான், இரண்டு பக்கமும் மரப்பட்டை. எல்லாம் எனக்குப் பழகிய முகம். அலகின் சமதளத்தைத் துடைத்து வெயிலுக்குச் சாய்த்தேன். கிரீடம், ராஜாவின் எழுத்துகள், கீழே 1907. மாமியாரின் அண்ணன் பேரன் இன்ஜினியரிங் படிக்கிறவனாம், கத்தி உறையிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிவராத்திரிக்கு வந்தவன் அதைச் சுரண்டிப் பார்த்து, இது 1907-இல் செய்தது, தாத்தா காலத்துக்கும் முந்தியது, சரியாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். எல்லோரும் செய்கிற தவறுதான் இது. 1907 என்பது அந்த மாதிரிக்கான வருடம். அந்த மாதிரியில் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் செய்துகொண்டே இருந்தார்கள்.

என்னை நிறுத்தியது அதுவல்ல. அலகின் இரு பக்கமும் ஒரு பள்ளம் ஓடும். இரத்தம் வழிவதற்கு என்பார்கள், எடையைக் குறைப்பதற்கு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்த மாதிரியில் அந்தப் பள்ளம் நுனிக்கு முன்னாலேயே மெலிந்து நின்றுவிட வேண்டும். இதில் நுனி வரைக்கும் ஓடி, அங்கே வெட்டுப்பட்டது போல முடிந்திருந்தது. என் முன்கையோடு வைத்துப் பார்த்தேன். குட்டை. முழங்கை வரைக்கும் வர வேண்டியது பாதி வழியில் நின்றது. நீளமாக இருந்ததை வெட்டி, வெட்டிய இடத்தைப் புது நுனியாகத் தீட்டியிருக்கிறார்கள். சமதளத்தில் பழைய முத்திரைக்கு மேலேயே வெட்டிய வருடத்தோடு புது முத்திரையும் குத்தியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இந்தக் காரியம் எப்போது நடந்தது என்று பட்டறையில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும். இரண்டாம் போரில் பர்மாக் காட்டுக்கு நீளக் கத்தி உதவாது என்று நம் நாட்டுப் பட்டறைகளில் பழையதை எல்லாம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். இதன் மேல் இருந்த முத்திரைப்படி, சிங்கப்பூர் விழுந்து அந்த மனுஷர் காணாமல் போன பிறகுதான் இது வெட்டப்பட்டிருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டு போன கத்தியாக இது இருக்கவே முடியாது.

வியாபாரிக்கு என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். வெட்டியது, நீளமானதை விட மலிவு, உறை செத்துவிட்டது. இங்கே யாரும் விலை கேட்கவில்லை. நான் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறதையே சொல்லுங்கள் என்று சொன்னவள் அல்லவா.

அவர் சாமான்களோடு பட்டாளத்திலிருந்து இதை அனுப்பிவைத்தார்களா என்று மாமியாரிடம் கேட்டேன்.

“யாரும் அனுப்பல தம்பி. அவியளே கொண்டாந்து வச்சிட்டுப் போனாக” என்றாள்.

பெருமையோடு சொன்னாள். அவளுடைய மாமியார் கண்ணால் பார்த்துச் சொன்னதாம். பட்டாளத்திலிருந்து காகிதம் வந்து, காணாமல் போனவரின் மனைவி வெள்ளை கட்டி, பெட்டியும் கட்டிச் சில வருடம் ஆகியிருந்தது. சண்டையும் ஓய்ந்துவிட்டது. ஒரு சித்திரை உச்சிப்பொழுது, ஆண்கள் எல்லாம் வயலுக்குப் போயிருந்தார்கள். கதவு தாழ் போட்டிருந்தது. வெளியிலிருந்து, “ஏட்டி” என்று அவர் குரல். அவர் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்து, “ஏட்டி, தண்ணி கொண்டா” என்று இன்னொரு தரம். அந்தப் பெண் எழுந்து கதவு வரைக்கும் ஓடியிருக்கிறாள். வீட்டில் பெரியவள் அவள் தலைமுடியைப் பிடித்து நிறுத்தினாள். மூன்றாவது தரம் கூப்பிடட்டும் என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவில் ஏதோ சாய்ந்து உராய்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பொழுது சாய்ந்து ஆண்கள் வந்த பிறகு திறந்தால், வாசற்படியில் கத்தி இருந்தது. சாமி தன் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று அன்றைக்கே கிடாய் வெட்டினார்கள். வெள்ளை கட்டிய அந்தப் பெண் அதன் பிறகு யாரோடும் பேசவில்லையாம், அதிக நாள் இருக்கவும் இல்லையாம்.

எனக்குக் கத்தியைக் கீழே வைக்க வேண்டும் போல் இருந்தது, வைத்தேன். முற்றத்துக் கல் கொதித்தது, என் உள்ளங்கால் மட்டும் சில்லிட்டிருந்தது. பாட்டி சொல்கிற பேய்க்கதை கேட்டுப் பயப்படுகிறவன் இல்லை நான். இதில் பேய் இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டவர்கள் சண்டை முடிந்ததும் விடுதலையாகி வந்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்களை மறுபடி படையில் சேர்த்துக் கொஞ்ச காலம் வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது கையில் கிடைத்த இப்படி ஒரு குட்டைக் கத்தியை மூட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் எத்தனையோ பேர்.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கத்தி வெட்டப்பட்டது அவர் காணாமல் போன பிறகு, நம் நாட்டில். யார் கையில் வந்தது என்று கத்தி சொல்லாது. வேறு ஆள் கொண்டுவந்து வைத்திருக்கலாம். ஆனால் செத்தவர் கொண்டுவரவில்லை, உயிரோடு இருந்த ஒரு ஆள்தான் அந்த வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவும் சொல்லி முடித்தேன்.

மாமியார் நம்பவில்லை. குரல் அவர் குரல்தான், அவர் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்றாள். அவள் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே எட்டியது.

மருமகள் நிலைப்படியிலிருந்து இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை. “சாமிக்குத் தண்ணி தவிக்குமா அத்த?” என்று கேட்டாள்.

மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் போய்விடலாமா என்று யோசித்தேன். அப்போது இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து, மருமகளைப் பார்க்காமல் நீட்டினாள்.

“கார்த்திகையில ஒரு நா, நீ கம்பெனிக்குப் போயிருந்த. உச்சி வெயிலு. தெரியாத நம்பரு. ஒரு தரம் அடிச்சு நின்னுது. பொறவு செத்த நேரங்கழிச்சு இன்னொரு தரம். அவன்தாம்னு எனக்கு மனசு சொல்லிச்சு. செத்தவன் கூப்பிடுதாம்னு நெனச்சேன். மூணாவது தரம் அடிக்கட்டும்னு கையில வச்சிட்டே இருந்தேன், அடிக்கல. அதுக்குப் பொறவுதான் கோடாங்கிகிட்டப் போனேன்.”

மருமகள் போனைப் பிடுங்கினாள். அந்தப் போனுக்கு வருவது மூன்று நான்கு பேரின் அழைப்புதான், கார்த்திகையில் வந்தது இன்னும் உள்ளே இருந்தது. பேர் இல்லாத ஒரு எண், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தடவை. “அவுகளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்யா” என்று என்னிடம் சொன்னாள்.

அங்கேயே நின்று அந்த எண்ணுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். மணி போனது. யாரோ எடுத்து இந்தியில் அதட்டினார்கள். பின்னால் ரயில் கூவுகிற சத்தம். அவள் போனை என்னிடம் நீட்டினாள். இந்தியில் பேசத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

எந்த ஊர் என்று கேட்டேன். இட்டார்சி என்றான். பட்டாளத்துக்காரன் எவனுக்கும் அந்த ஜங்ஷன் தெரியும், நாக்பூரைத் தாண்டி டில்லிப் பக்கம் போகிற வழி. பை கிடந்த இடத்துக்கு அப்பால். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை வைத்திருக்கிறவனாம். தீபாவளி முடிந்த பிறகு உங்கள் போனிலிருந்து தமிழ்நாட்டுக்கு யாராவது பேசினார்களா என்றேன். எத்தனையோ பேர் கேட்கிறார்கள், கொடுக்கிறேன், யாரை ஞாபகம் வைப்பது என்று எரிந்து விழுந்தான். வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். பிறகு, ஒரு மதராசியா என்று கேட்டான்.

தாடியும் பட்டாளத்து பூட்சுமாக ஒருவன் பல நாள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தானாம். பேச்சு சரியில்லை, பேர் கேட்டால் சொல்ல மாட்டான், கடைக்குப் பெட்டி தூக்கிக் கொடுத்தால் டீ கொடுப்பேன் என்றான் கடைக்காரன். ஒரு நாள் அவன் போன் கேட்டான், கொடுத்தேன். இரண்டு தடவை போட்டான், எடுக்கவில்லை. இன்னும் ஒரு தரம், ஒரே ஒரு தரம், மூன்றாவது தரம் எங்கள் அம்மா எடுப்பாள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கடையில் கூட்டம். போனைப் பிடுங்கிக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தான். மறுநாள் ஆள் இல்லை, எந்த ரயிலில் ஏறினானோ. இவ்வளவு சொல்லிவிட்டு, நீங்கள் யார், சொந்தமா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் போனில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்றாவது தரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று தோன்றியது. ஆள் உயிரோடு இருக்கிறான் என்பது போதாதா. கிழவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. ஆனால் அந்த ஒன்றினால்தான் அது அவன் என்று உறுதியாகிறது. அதை விட்டுவிட்டால் இட்டார்சியில் எவனோ ஒரு பைத்தியக்காரன் என்றாகிவிடும். கடைக்காரன் சொன்னது சொன்னபடி, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன்.

மருமகள் உள்ளறைக்குப் போய்ப் பலகையிலிருந்த யூனிஃபார்மை எடுத்து வந்து, கம்பெனிக்குக் கொண்டுபோகிற பைக்குள் வைத்தாள். இட்டார்சிக்கு எங்கே ரயில் ஏற வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்டாள். நானும் கூட வருகிறேன் என்றேன். அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

மாமியார் தூணடியிலேயே இருந்தாள். கையை நீட்டித் தன் போனைக் கேட்டாள், கொடுத்தேன். லைன் செத்துக் கிடந்தது அவளுக்கும் தெரியும். இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே” என்றாள் அதில். “நானும் அந்த மூணாவதுக்குத்தாம்லே காத்துக் கெடந்தேன்.”